அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்

எனக்குப் பொறாமை உண்டு. சுற்றி வளைக்காமல் அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பக்கத்து வீட்டுக்காரர் கார் மாற்றினாலோ, கூடப் படித்தவன் அண்ணா நகரில் வீடு வாங்கினாலோ எனக்கு ஒன்றும் ஆவதில்லை. நன்றாக இருக்கட்டும் என்று போய்விடுவேன். என் வயிறு எரிந்ததெல்லாம் ஒரு குரலைக் கேட்டுத்தான். எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடியிலிருந்து தினமும் காலையில் என் வீட்டுச் சமையலறை வரைக்கும் வந்துகொண்டிருந்த குரல் அது.

"இன்னா மக்களே, எழுந்துகினீங்களா? இன்னிக்கு லாரித் தண்ணி லேட்டாத்தான் வருமாம். புட்ச்சி வெச்சிக்கோங்க. அப்பால வந்து அக்கா சொல்லலன்னு சொல்லக் கூடாது."

குடியிருப்புக்கென்று இருக்கும் கைப்பேசிக் குழுவில் இப்படித்தான் பொழுது விடியும். என் மனைவி அடுப்பில் பாலை வைத்துவிட்டு, கைப்பேசியை மிளகாய்த்தூள் டப்பாவின் மேல் சாய்த்து, சத்தத்தைக் கூட்டிக் கேட்பாள். கேட்டுக்கொண்டே சிரிப்பாள். கல்யாணம் ஆகி இத்தனை வருடங்களில் நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பால் பொங்கி வழிந்தாலும் அந்தக் குரல் முடியும் வரை அவள் கை அடுப்பை நோக்கிப் போகாது.

எங்கள் குடியிருப்பு முகப்பேர் மேற்கில், அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் போகும் சாலையிலிருந்து ஒரு தெரு உள்ளே தள்ளி இருக்கிறது. இரண்டு பிளாக். குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் மதுரை, கும்பகோணம், நாகர்கோவில் என்று எங்கெங்கிருந்தோ வேலைக்காக வந்தவர்கள். நானும் திருவாரூர்ப் பக்கத்துக்காரன்தான். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரான அக்கா ஒருவர்தான் மண்ணின் மகள். பிறந்தது பாடியில், வாக்கப்பட்டது கொரட்டூரில். கணவர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் இருந்து, காலமாகிவிட்டார். அக்கா வீட்டிலேயே புடவையும் நைட்டியும் விற்றுப் பெண்ணைக் கட்டிக்கொடுத்தார். என்னைவிட வயதில் சின்னவர். ஆனாலும் குடியிருப்பு மொத்தமும் அக்கா என்று கூப்பிடும்போது நான் மட்டும் வேறு எப்படிக் கூப்பிடுவது? நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். அதிலும் எனக்கொரு கடுப்பு உண்டு.

இனி என் பிழைப்பைச் சொல்ல வேண்டும். அப்போதுதான் என் எரிச்சலின் நியாயம் புரியும். நான் வெகுகாலம் பத்திரிகை ஒன்றின் செய்திப் பிரிவில் இருந்தேன். இப்போது ஒரு இணையதளத்துக்காக வீட்டில் உட்கார்ந்தபடி, ஊரெல்லாம் பரவும் செய்திகளில் எது மெய், எது பொய் என்று பார்த்து எழுதுகிறேன். ஒரு படம் வந்தால் அது முதன்முதலில் எங்கே, எப்போது வெளியானது என்று தோண்டுவேன். ஒரு வீடியோ வந்தால் அதில் பின்னால் தெரியும் கடைப் பலகையைப் பெரிதாக்கி எந்த ஊர் என்று பார்ப்பேன். அந்த ஊரில் யாருக்காவது போன் போட்டுக் கேட்பேன். கடைசியில் படத்தின் மேல் 'பொய்' என்று சிவப்பில் குத்தி வெளியிடுவேன். ஒரு பொய்யைப் பிடிக்க எனக்குச் சில சமயம் ஒரு நாள் முழுக்க ஆகும். அக்கா அதை அனுப்ப ஒரு விரல் போதும்.

எல்லாம் அனுப்புவார். வெண்டைக்காய் ஊறிய தண்ணீர், வானத்தில் வரப்போகும் இரண்டாவது நிலா, பழைய நாணயத்துக்கு லட்சக்கணக்கில் விலை, குத்தம்பாக்கத்துப் புதிய பேருந்து நிலையத்திலிருந்து நம் தெருவுக்கு நேராக ஓடப்போகும் பறக்கும் ரயில். எழுத்தாக வந்ததை அப்படியே தள்ளிவிட மாட்டார். படித்து, தன் குரலில், தன் உப்பு புளி காரமெல்லாம் சேர்த்துச் சொல்வார். கீழே வரிசையாகப் பூக்களும் கும்பிடும் கைகளும் விழும். "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பி பிளாக்கிலிருந்து ஒருவர் எழுதுவார். அவர் பெரிய கம்பெனியில் கம்ப்யூட்டருக்கே புத்தி சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருக்கிறார்.

நான் விடமாட்டேன். ஒவ்வொன்றுக்கும் மறுப்பு எழுதுவேன். சுட்டி இணைப்பேன், ஆதாரம் வைப்பேன், மரியாதையாக 'அன்புள்ள குடியிருப்போருக்கு' என்று ஆரம்பிப்பேன். அதற்கு ஒரே ஒரு கட்டை விரல் வரும். அது சங்கச் செயலாளருடையது. அவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீர்த் தொட்டி கழுவும் அறிவிப்புக்கும் இரங்கல் செய்திக்கும் அதே கட்டை விரலைத்தான் வைப்பார்.

"பெருசா எழுதறீங்க. அதான்," என்பாள் மனைவி.

"உண்மை பெருசாத்தான் இருக்கும்."

"அப்ப சின்னதா ஒண்ணு கண்டுபிடிங்க."

ஆத்திரம் ஆத்திரமாக வரும். எனக்கு வேண்டியது பணமோ பட்டமோ இல்லை. காலையில் அந்தச் சமையலறையில் என் சொல்லைக் கேட்டு யாராவது ஒருவர் பாலைப் பொங்கவிட்டால் போதும் என்றிருந்தது.

அந்த வருடம் பொங்கலுக்கு, கீழே கார் நிறுத்துமிடத்தில் சாமியானா போட்டு விழா நடத்தினார்கள். கோலம், உறியடி எல்லாம் ஆனபிறகு பட்டிமன்றம். செயலாளர் யோசித்து யோசித்து ஒரு தலைப்பு கொடுத்திருந்தார். 'கைப்பேசி வந்தபின் உண்மை வளர்ந்ததா, தேய்ந்ததா?' இது எனக்கென்றே வைத்த தலைப்பு என்று நினைத்துக்கொண்டேன். தேய்ந்தது என்ற அணிக்கு என்னைத் தலைவராகப் போட்டார்கள். வளர்ந்தது என்ற அணிக்குத் தலைவர் அக்கா. கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டேன். நம் ஊர்ப் பட்டிமன்றத்தில் மட்டும்தான் இப்படி நடக்கும். இனிப்பே நல்லது என்று பேசச் சர்க்கரை நோயாளியைக் கூப்பிடுவார்கள்.

ஒரு வாரம் தயாரித்தேன். படங்களை அச்செடுத்து அட்டையில் ஒட்டினேன். மேடையில் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, இது இங்கே எடுத்ததில்லை, இது இந்த வருடத்தில் எடுத்ததில்லை என்று விளக்கினேன். முன்வரிசையில் இருந்த பெண்கள் தங்களுக்குள் சுண்டலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் என் அட்டைகளில் ஒன்றை எடுத்து விசிறிக்கொண்டார்கள். மணி அடித்தது, உட்கார்ந்தேன்.

அக்கா ஒலிவாங்கியைக் கையில் வாங்கும்போதே கைதட்டல். அவர் ஒரே ஒரு கதை சொன்னார். பெருமழை பெய்த ஒரு வருடம், முதல் மாடியில் பிறந்து இரண்டு மாதமான குழந்தைக்குப் பால் இல்லை. அம்மா அழுகிறாள். அக்கா குழுவில் ஒரு வார்த்தை சொல்கிறார். எங்கிருந்தோ ஒரு படகு வருகிறது. இடுப்பளவுத் தண்ணீரில், கொட்டும் மழையில், படகிலிருந்து ஒரு கை நீள்கிறது, அந்தக் கையில் ஒரு பால் பாக்கெட். "அந்தக் கைய்யி யாருதுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஆனா அது பொய்யா? சொல்லுங்க மக்களே, அது பொய்யா?" என்று அக்கா கேட்டபோது கூட்டத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

பொய்தான். அந்த மழையில் எங்கள் தெருவில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். படகு வரவில்லை. வந்திருந்தால் தரை தட்டி நின்றிருக்கும். பாலைக் கொண்டுபோய்க் கொடுத்த கை என் மனைவியின் கை. தெருமுனைக் கடைக்குக் குடை பிடித்துக்கொண்டு நடந்து போய், இரண்டு பாக்கெட் வாங்கி வந்து, ஒன்றை அங்கே கொடுத்துவிட்டு மற்றதில் எனக்குக் காபி போட்டாள். நான் எழுந்து, "நடுவர் அவர்களே, படகு வரவில்லை" என்றேன். நடுவராக இருந்த செயலாளர் மணியை அடித்து என்னை உட்காரச் சொன்னார். தீர்ப்பு அக்கா பக்கம். பரிசாக ஒரு ஹாட்பாக்ஸ். திரும்பிப் பார்த்தால் என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டிக்கொண்டிருந்தாள்.

"நீதானே நடந்து போய்க் குடுத்தே?" என்று வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"ஆமா. ஆனா படகுல வந்தா இன்னும் நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

அதற்குப் பிறகு நான் கொஞ்ச நாள் அக்காவைப் படிக்கட்டில் பார்த்தால் கைப்பேசியைப் பார்ப்பதுபோலக் கடந்துபோனேன். சிறுபிள்ளைத்தனம்தான். ஆனால் ஒருவருக்குத் தன் தொழிலில் தோற்பது வேறு, தன் தொழிலில் தொழிலே தெரியாதவரிடம் தோற்பது வேறு. நான் என்ன பாவம் செய்தேன் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு ஏன் அந்தக் குரல் இல்லை? எனக்கு ஏன் 'இன்னா மக்களே' என்று சொல்ல வரவில்லை? ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது சொல்லியே பார்த்தேன். திருவாரூர்க்காரன் வாயில் அது நாடகக்காரன் வசனம் மாதிரி இருந்தது.

கோடை விடுமுறை வந்தது. பிள்ளைகள் நாள் முழுக்கத் தெருவில் கிடந்தார்கள். அப்போதுதான் அந்த வீடியோ வந்தது. ஒரு ஆள் சைக்கிளில் போர்வை மூட்டை வைத்துக்கொண்டு வருகிறான், வாசலில் விளையாடும் குழந்தையிடம் குனிந்து ஏதோ கேட்கிறான், அடுத்த நொடி குழந்தை இல்லை. அக்காவின் குரல் அதோடு வந்தது.

"மக்களே, உஷாரு. போர்வ விக்கிறாப்ல வராங்களாம். கொயந்தைங்க கைல 'அம்மா இருக்கா'ன்னு கேப்பாங்களாம். இல்லன்னு சொல்ச்சின்னா அவ்ளோதான், தூக்கிகினு பூடுவாங்களாம். பசங்கள கண்ல வெச்சிகினு இருங்க."

நான் அன்றே உட்கார்ந்து தேடினேன். அது வேறொரு மாநிலத்தில் கல்லூரி மாணவர்கள் எடுத்த குறும்படம். முழுப் படமும் கிடைத்தது. கடைசியில் போர்வைக்காரனாக நடித்தவரும் குழந்தையும் கேமராவைப் பார்த்துக் கையசைக்கிறார்கள். அதை எழுதி, இணைப்போடு குழுவில் போட்டேன். அக்காவுக்குத் தனியாகவும் அனுப்பினேன். குழுவில் அந்தக் கட்டை விரல் வந்தது. அக்காவிடமிருந்து ஒரு கும்பிடும், "உஷாரா இருந்தா நல்லதுதானே சார்" என்றொரு வரியும் வந்தன. என் மறுப்புக்குக் கீழே அடுத்த செய்தியாக யாரோ மாங்காய் ஊறுகாய் விற்பனைக்கு என்று போட்டார்கள்.

அடுத்த நாள் சாயங்காலம் வாசல் பக்கம் கூச்சல் கேட்டது. எட்டிப் பார்த்துவிட்டுச் செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடினேன். எங்கள் கேட்டுக்கு வெளியே ஒரு சைக்கிள் சாய்ந்து கிடந்தது. போர்வைகள் தெருவெல்லாம் பிரிந்து கிடந்தன. அவற்றின் நடுவில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். வடக்கிலிருந்து வந்தவர் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. பி பிளாக்கில் இருக்கும் ஒரு இளைஞன் அவர் சட்டைக் காலரை முறுக்கிப் பிடித்திருந்தான். உதட்டோரம் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. யாரோ ஏற்கெனவே ஓர் அறை விட்டிருந்தார்கள். ஆட்டோ நிறுத்தத்திலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பேர் கைப்பேசியை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேனிடம் கயிறு கேட்டான் ஒருவன்.

நடந்தது இதுதான். வாசலில் விளையாடிய ஒன்றாம் வகுப்புப் பெண்ணிடம் அந்த மனிதர், "அம்மா இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். வீடு வீடாகப் போய் விற்கிறவர் வேறு என்ன கேட்பார்? அவருக்குத் தெரிந்த தமிழே அவ்வளவுதான் போலிருக்கிறது. ஏனென்றால் இப்போது, காலரைப் பிடித்து உலுக்கும்போதும், அவர் கைகளைக் கூப்பிக்கொண்டு அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார். "அம்மா இருக்கா... அம்மா இருக்கா..." கெஞ்சுகிறார் என்று எனக்குப் புரிந்தது. கூட்டத்துக்கு அது ஒவ்வொரு முறையும் ஒப்புதல் வாக்குமூலமாகக் கேட்டது.

"விடுங்க அவர. அந்த வீடியோ பொய். நேத்தே குரூப்ல போட்டேனே, யாரும் படிக்கலையா? அது ஒரு குறும்படம். பாருங்க, கடைசில அந்தக் குழந்தையே கை காட்டுது." கைப்பேசியை எல்லோர் முகத்துக்கு நேராகவும் நீட்டினேன். வெயிலில் திரை கருப்பாகத்தான் தெரிந்திருக்கும்.

"சார், வீடியோ பொய்யாவே இருக்கட்டும். இவன் நெஜம்தானே?" என்றான் காலரைப் பிடித்தவன்.

நானும் எத்தனையோ பொய்யை உடைத்திருக்கிறேன். கண்முன்னால் ஒரு மனிதர் நிற்கும்போது, இவர் நல்லவர் என்பதற்கு என்னிடம் என்ன ஆதாரம் இருந்தது? அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. யாரோ என்னைத் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார்கள். "சார், நீங்க வேற," என்றது ஒரு குரல். கயிறு வந்துவிட்டது.

அப்போதுதான் அக்கா இறங்கி வந்தார். நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க. கூட்டத்தை விலக்கி நேராக முன்னால் போனார். அந்த மனிதரின் வாயை ஒருமுறை பார்த்தார்.

"ஏய், கைய எட்றா. இவர இன்னாத்துக்குப் புட்ச்சிகினு கீறே? நம்ம போர்வக்காரருடா இவரு. எத்தினி வருசமா எங்க ஊட்டுக்குப் போட்டுகினு கீறாரு." பிறகு அவர் பக்கம் திரும்பி, "இன்னாய்யா, போன வாட்டி சொன்னனே, பச்ச கலரு, எட்தாந்தியா?" என்றார்.

அந்த மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் தலையை வேகமாக ஆட்டினார்.

காலர்க்காரன் விடவில்லை. "அக்கா, நேத்து வீடியோ போட்டதே நீங்கதானே?"

"நான் போட்டது வேற எவனோ. இவரு தெரிஞ்சவரு. மாங்காட்டு அம்மன் மேல சத்தியமா தெரிஞ்சவரு."

கூட்டம் கொஞ்சம் தயங்கியது. அக்கா வாராவாரம் எலுமிச்சம்பழத்தோடு மாங்காடு போகிறவர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் முன்னாளில் வங்கியில் கையெழுத்தைச் சரிபார்த்தே பழகிய செயலாளர் இருக்கிறாரே, அவர் கூட்டத்துக்குள் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். "சார்தான் எதையும் செக் பண்ணாம சொல்ல மாட்டாரே. சார், நீங்க சொல்லுங்க. அக்கா சொல்றது உண்மையா?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆட்டோக்காரர்கள், வாட்ச்மேன், மாடிகளிலிருந்து எட்டிப் பார்த்த பெண்கள், படம் பிடித்துக்கொண்டிருந்த கைப்பேசிகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. அந்தக் குடியிருப்பில் நான் வாயைத் திறப்பதற்காக முதல்முறையாக ஒரு கூட்டம் காத்திருந்தது.

அப்போது எனக்குள் எழுந்தது என்ன என்பதை மறைக்கப் போவதில்லை. சந்தோஷம். அந்த மனிதரின் உதட்டில் ரத்தம் காயாமல் இருக்கும்போதே எனக்குச் சந்தோஷம் வந்தது. அக்கா ஊரறிய, சாமி மேல் சத்தியம் செய்து, பொய் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் விழித்த விழிப்பிலேயே எனக்கு அது தெரிந்துவிட்டது. 'இல்லை' என்று ஒரு சொல் சொன்னால் போதும். படகு, இரண்டாவது நிலா, காலைக் குரல் எல்லாம் அதோடு முடிந்துவிடும். இத்தனை நாள் நான் எழுதிய அத்தனை மறுப்பும் செய்யாததை அந்த ஒரு சொல் செய்துவிடும். அது உண்மையாகவும் இருக்கும். அக்கா என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை, கண் காட்டவில்லை. சும்மா பார்த்தார்.

"உண்மைதான். எங்க வீட்டுக்கும் இவர்கிட்டதான் வாங்கினோம்," என்றேன்.

மேலே எங்கள் பால்கனியிலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது. "அந்த நீலப் போர்வை இன்னும் சாயம் போகலைன்னு சொல்லுங்க அவர்கிட்ட."

எங்கள் வீட்டில் நீலப் போர்வையே கிடையாது.

காலரைப் பிடித்திருந்த கை இறங்கியது. கயிறு யார் கையில் இருந்தது என்றே தெரியாமல் மறைந்தது. சற்று முன் உலுக்கியவனே குனிந்து போர்வைகளைத் தூசி தட்டி மடித்துக் கொடுத்தான். அந்தச் சிறுமியின் அம்மா வீட்டிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தாள். அந்த மனிதர் வாயைக் கொப்பளித்துவிட்டு, மூட்டையைக் கட்டி, சைக்கிளை நிமிர்த்தினார். போகும்போது அக்காவைப் பார்த்துக் கைகூப்பினார். நீண்ட நேரம் கூப்பினார். என் பக்கம் பார்வை வந்தது, நிற்காமல் போய்விட்டது. யார் என்ன சொன்னார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாதுதான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. கடைசி வார்த்தை என்னுடையதல்லவா?

வீட்டுக்கு வந்து கைப்பேசியைப் பார்த்தால் குழுவில் செயலாளர் எழுதியிருந்தார். 'நமது செய்தியாளர் சார் அவர்கள் சரிபார்த்து உறுதி செய்துவிட்டார். யாரும் பதற்றம் அடைய வேண்டாம்.' அதற்குக் கீழே கைதட்டல்கள், பூக்கள், கும்பிடுகள் விழுந்துகொண்டே இருந்தன. 'சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்று பி பிளாக்கிலிருந்து அதே கம்ப்யூட்டர்க்காரர் எழுதினார். நான் சோபாவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். அது ஆறிப்போகும் வரை பார்த்தேன். நான் அங்கே சொன்ன ஒரே பொய்க்கு வந்த பூக்கள் அவை என்பது புரியாமல் இல்லை. புரிந்துதான் பார்த்தேன்.

ஆனால் அந்தச் சுகமும் நிலைக்கவில்லை. யோசிக்க யோசிக்க எரிச்சல் பழைய இடத்துக்கே வந்து நின்றது. என் கையில் இருந்த ஆதாரத்தோடு மட்டும் நான் நின்றிருந்தால் அந்த மனிதரைக் கம்பத்தில் கட்டியிருப்பார்கள். அவரைக் காப்பாற்றிய வாக்கியம் அக்காவுடையது. நான் அடியில் கையெழுத்துப் போட்டேன், அவ்வளவுதான். அந்தப் பச்சைப் போர்வை எனக்கு ஏன் தோன்றவில்லை? நாற்பது வருடம் சொற்களோடு மல்லுக்கட்டியவனுக்கு, வேண்டிய நேரத்தில் ஒரு வாக்கியம் வரவில்லை.

மறுநாள் காலையில் குரல் வரவில்லை. மனைவி பாலை வைத்துவிட்டுக் கைப்பேசியை டப்பாவில் சாய்த்துவைத்துக் காத்திருந்தாள். அதற்கடுத்த நாளும் வரவில்லை. 'அக்கா எங்கே?' என்று குழுவில் ஆளாளுக்குக் கேட்டார்கள். "போன் பண்ணா எடுக்க மாட்டேங்கறாங்க. நீங்க ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்களேன். அன்னிக்கு நீங்கதானே கூட நின்னீங்க," என்றாள் மனைவி.

போனேன். அக்கறையால் மட்டும் போனேன் என்று சொல்ல மாட்டேன். அக்கா எனக்கு ஒரு நன்றி பாக்கி வைத்திருக்கிறார் என்று ஒரு எண்ணம்.

கதவு திறந்துதான் இருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து, விற்பனைக்கு வந்த புடவைகளைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். "வாங்க சார், குந்துங்க," என்றார். முகம் வீங்கியிருந்தது.

"குரலையே காணோமேன்னு கேக்கறாங்க எல்லாரும்," என்றேன்.

"கேக்கட்டும் சார்."

எனக்குள் இருக்கும் அந்தப் பிசாசு சும்மா இருக்குமா, "நான் முன்னாடி நாளே மறுப்பு அனுப்பியிருந்தேன். உங்களுக்குத் தனியாவும் அனுப்பினேன்," என்றேன்.

"பாத்தேன் சார். நீட்டா இருந்திச்சி. படிக்கல." மடித்த புடவையை அடுக்கில் வைத்தார். "அந்த ஆளு வாயில ரத்தத்தப் பாத்ததும் எனக்குக் கை காலு ஓடல சார். அவர அடிச்சது அந்தப் பையன் கையில்ல. நான் போட்ட வாய்ஸு. அம்மா இருக்கான்னு கேப்பாங்கன்னு நான்தானே சொன்னேன். சொன்னத அப்டியே நம்பிக்கினாங்க. அப்பால தெரிஞ்சவருன்னு சொன்னேன். அதயும் நம்பிக்கினாங்க. இன்னா சொன்னாலும் நம்புறாங்க சார். காலைல போன கைல எட்தா பயமா கீது."

நான் ஏதாவது ஆறுதலாகச் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் திருத்துவதுதான். திருத்த இதில் ஒன்றும் இல்லை.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ரெண்டு நாளா உங்களத்தான் நெனச்சிகினு கீறேன் சார். தப்பா எட்துக்காதீங்க. உங்களப் பாத்தா எனக்குப் பொறாமையா கீது."

"என்னைப் பாத்தா?"

"ஆமா சார். எத்தினி வருசமா எவ்ளோ எழுதிப் போட்டுகினு கீறீங்க. ஒருத்தரும் நம்பறதில்ல. நீங்க எழுதினதால ஒருத்தன் இன்னொருத்தன் மேல கைய வெச்சதில்ல. நிம்மதியா தூங்கி எழுந்துக்கறீங்க. குடுத்து வெச்சவரு."

கேலியாகச் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.